காத்திருக்கையில் ஆறிப்போகும் கால்கள்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். உடலியங்கியல் என் துறையன்று. நான் மொழியியல் பயின்றவள். ஆயினும் பள்ளியிலும் இளங்கலையிலும் 400 மீட்டர் ஓடியவள் என்ற முறையில், பல்கலைக்கழக வளாகங்களில் நாம் அனைவரும் கண்டும் காணாமல் கடந்துபோகும் ஒன்றைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

கடந்த டிசம்பரில் பெங்களூரில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி ஒன்றுக்கு, எங்கள் விடுதியில் தங்கிப் பயிலும் முதுகலை மாணவி ஒருத்திக்குத் துணையாகச் சென்றிருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள்; 200 மீட்டர் ஓட்டக்காரி. காலை 8 மணிக்கு ஓட்டம் என்றது அட்டவணை. அவள் ஏழு மணிக்கே மெல்லோட்டத்தில் தொடங்கி, கால் வீச்சுப் பயிற்சிகள், சிறு விரைவோட்டங்கள் என ஒழுங்காக உடலை ஆயத்தப்படுத்திக்கொண்டு, 7.40க்கு அழைப்பு அறைக்குள் சென்றாள். எண் அட்டையைச் சரிபார்த்தார்கள். காலணியின் ஆணிகளைப் பார்த்தார்கள். ட்ராக் சூட்டைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லிப் பையையும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பின்னர்தான் சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை என்பது தெரிந்தது. அவர் வந்தார், விளக்கேற்றினார், அணிவகுப்பு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முறையாக நடந்தன. ஓட்டம் தொடங்கியபோது மணி 8.50.

அந்த எழுபது நிமிடமும் எட்டுப் பெண்கள் கையில்லாத மெல்லிய மேலாடையோடும் குட்டைக் கால்சட்டையோடும் சிமெண்டுப் படிக்கட்டில் அமர்ந்திருந்தார்கள். டிசம்பர்க் காலைப் பெங்களூரின் குளிரை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டொருவர் எழுந்து துள்ளத் தொடங்கியபோது, அங்கிருந்த அலுவலர் ஒருவர், ஓட வேண்டிய சக்தியை வீணாக்காமல் உட்காருங்கள் என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஓடி முடித்து நான்காவதாக வந்த அவள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “ஓடத் தொடங்குறப்பவே கால் ரெண்டும் மரக்கட்டையா இருந்துச்சு அக்கா.”

ஒரு நிகழ்வு சான்றாகாது என்பதை ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிராமல் ஓடியிருந்தால் அவள் பதக்கம் பெற்றிருப்பாள் என்றும் நான் வாதிடவில்லை. ஆனால் அந்த ‘மரக்கட்டை’ வெறும் மனநிலையன்று. அதற்கு உடலியங்கியலில் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஓய்வில் இருக்கும்போது நமது தொடைத் தசையின் வெப்பநிலை உடலின் உள்வெப்பநிலையைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசாக இருக்கும். ஓடத் தொடங்கிய முதல் மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் அது விரைந்து உயர்கிறது. பத்து முதல் இருபது நிமிடங்களில் 38 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சென்று நிலைகொள்கிறது. வெப்பம் உயர்ந்த தசையில் வேதிவினைகள் விரைவாக நடக்கின்றன. தசையிழைகள் சுருங்கும் வேகம் கூடுகிறது. நரம்பு வழிச் செய்திகள் விரைந்து செல்கின்றன. தசையின் உள்ளுராய்வும் விறைப்பும் குறைகின்றன. குருதி தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது. ஆயத்தப் பயிற்சி செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த வெப்பத்தின் வழியாகவே நடக்கிறது. ‘வார்ம்-அப்’ என்ற பெயர் உவமையன்று, சொல்லுக்குச் சொல் உண்மை.

இதனை 1945இலேயே கோபன்ஹேகனில் அஸ்முசன், பயே என்ற இருவர் அளந்து காட்டினார்கள். 1979இல் ஸ்வீடனின் பெர்க், எக்பிளம் ஆகியோர், தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது வலிமையும் குதிக்கும் திறனும் விரைவோட்டத் திறனும் சுமார் 4 முதல் 6 விழுக்காடு வரை மாறுவதைக் கண்டார்கள். 1987இல் சார்ஜன்ட் செய்த மிதிவண்டிச் சோதனைகளில், அசைவின் வேகம் கூடக்கூட வெப்பத்தின் விளைவும் கூடியது. ஆகவே வேகமும் வெடிப்பாற்றலும் வேண்டும் போட்டிகளில்தான் குளிர்ந்த தசை அதிக விலை கேட்கிறது. ஆற்றலில் ஏற்படும் மாற்றம் அதே அளவில் ஓட்ட நேரத்தில் தெரியாது; நேரத்தில் அது சுருங்கித்தான் தெரியும். ஆனால் தடகளத்தில் அந்தச் சுருங்கிய வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஈட்டிய வெப்பம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதே அடுத்த கேள்வி. பயிற்சியை நிறுத்தியதும் தசைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைகிறது. வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. ஈர மேலாடையும் காற்றும் சிமெண்டு இருக்கையும் எஞ்சியதை எடுத்துக்கொள்கின்றன. பதினைந்து, இருபது நிமிடங்களில் இழப்பு அளந்தறியத்தக்க அளவை எட்டிவிடுகிறது. 2004இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று, கால்பந்தாட்டத்தின் பதினைந்து நிமிட இடைவேளையில் சும்மா அமர்ந்திருந்த வீரர்களின் தசை வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி இறங்கியதையும், இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர்களது விரைவோட்டம் 2.4 விழுக்காடு மந்தமானதையும் பதிவு செய்தது. இடைவேளையின் இறுதியில் ஏழு நிமிடம் மிதமாக ஓடியவர்களிடம் அந்த வீழ்ச்சி காணப்படவில்லை. 2013இல் பன்னாட்டு நிலை நீச்சல் வீரர்களிடம் நடந்த ஆய்வில், ஆயத்தப் பயிற்சி முடிந்து 20 நிமிடத்தில் 200 மீட்டர் நீந்தியபோது இருந்ததைவிட, 45 நிமிடம் கழித்து நீந்தியபோது நேரம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கூடியது. பசவனகுடியின் நீச்சல் குளத்தில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த எண்ணைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். நீச்சல்காரர்கள் ஈர உடலோடு வெளியேறி, இறுக்கமான போட்டி உடையை மாட்டுவதற்கே பல நிமிடங்கள் செலவிட வேண்டியவர்கள்.

ஒன்றரை விழுக்காடு என்பது எவ்வளவு? 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடையோட்ட இறுதியில் பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் 55.41 விநாடிக்குச் சென்றது. அந்த ஓட்டத்தில் ஒருவர் முந்திக் கிளம்பியதால் அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டு, மீண்டும் தொடக்கக் கோட்டில் நின்றார்கள் என்பதும் பலரும் அறிந்ததே. உஷா தோற்றது தசை குளிர்ந்ததால் என்று எவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அளவைக் காட்டவே இதைச் சொல்கிறேன். அவரது நேரத்தில் ஒன்றரை விழுக்காடு என்பது எண்பது நூற்றில்விநாடிக்கும் மேல். ஒரு தலைமுறையே நினைவில் சுமக்கும் அந்த இடைவெளியோ ஒரு நூற்றில்விநாடி.

ஓட்டக்காரர்களுக்காவது காத்திருப்பு ஒருமுறை. களப் போட்டிகளில் காத்திருப்பே போட்டி. 2025 ஜூலை 5 அன்று கண்டீரவா விளையாட்டரங்கில் நடந்த நீரஜ் சோப்ரா கிளாசிக் போட்டியை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து வென்றார். களத்தில் 12 பேர். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று கொண்டாலே, ஓர் எறிதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து நிமிடத்திற்கும் மேல் ஆகும். ஒரு வீரரின் ஆறு எறிதல்களும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட வராது. மாலைக் காற்றில் மீதி நேரமெல்லாம் அவர் தோளையும் இடுப்பையும் காலையும் ஆறவிடாமல் காப்பதிலேயே கழிகிறது. கபடியிலும் இதே நிலைதான். ஆட்டமிழந்து வெளியே அமர்ந்தவர், தம் அணி புள்ளி எடுக்கும்வரை அங்கேயே இருக்கிறார். உள்ளே வந்த மறுநொடியே முழு விசையோடு பாய வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்கும் வேகப்பந்து வீச்சாளர், அணித்தலைவர் கையசைத்ததும் தோளைச் சுழற்றத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்ததையே ஆய்வகம் பின்னர் அளந்திருக்கிறது.

அனுபவ அறிவு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் ஊர்த் திருவிழாதான். பறையிசைக் கலைஞர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகி ஓசை தெளிந்த பிறகே அடிக்கத் தொடங்குவார்கள். சாமி புறப்படத் தாமதமானால், பனியிலோ ஈரக்காற்றிலோ தோல் தளர்ந்தால், மீண்டும் ஒருமுறை காய்ச்சுவார்கள். ஒருமுறை காய்ச்சியாயிற்றே என்று எவரும் தளர்ந்த பறையை அடிப்பதில்லை. தோல் ஈரம் உலர்ந்து இறுகுகிறது, தசை வெப்பத்தால் இளகுகிறது. இரண்டின் இயற்பியல் வேறு. ஆனால் நடைமுறை அறிவு ஒன்றே: காய்ச்சிய நேரத்தை வைத்து அவர்கள் கணக்கிடுவதில்லை, அடிக்கப்போகும் நேரத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். நமது பயிற்றுநர்களிடமும் அமைப்பாளர்களிடமும் இல்லாதது இந்தக் கணக்குதான்.

இங்கே மொழி மாணவி என்ற முறையில் ஒரு சிறு குறுக்கீடு. தமிழில் ‘ஆறுதல்’ என்பது பெரும்பாலும் நல்லது. காயம் ஆறும், மனம் ஆறும், ஆற அமர யோசிக்கலாம். ‘உடம்புச் சூடு’ என்பதோ தணிக்க வேண்டிய கோளாறு. அதற்கு எண்ணெய்க் குளியலும் நீர்மோரும் வைத்திருக்கிறோம். இந்தச் சொற்பழக்கம்தான் நம் பயிற்றுநர்களை அப்படிச் சிந்திக்க வைக்கிறது என்று கூறினால் என் துறையினரே என்னைக் கேலி செய்வார்கள். ஆயினும் ‘வியர்த்திருக்கிறாய், உட்கார்ந்து ஆறிக்கொள்’ என்ற பரிவான வாக்கியம் நம் நாவில் இயல்பாக வருகிறது. ‘ஆறவிடாதே’ என்பது அவ்வளவு எளிதாக வருவதில்லை. வேண்டிய சொல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. ‘கதகதப்பு’ என்ற அழகிய சொல், சூட்டிலிருந்து வேறுபட்ட இதமான வெம்மையைக் குறிக்கிறது. கன்னடத்தில் ‘பிசி’ வேறு, ‘பெச்சகெ’ வேறு. நம் ‘வெம்மை’க்கும் அவற்றிற்கும் வேர் ஒன்றே. ஆயத்தப் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவிலுள்ள வேலையைக் ‘கதகதப்புக் காத்தல்’ என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பெயரிட்டால் அதற்கு அட்டவணையில் ஓர் இடம் கேட்கலாம். இப்போது அந்த இடைவெளிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘கால் ரூம்’ மட்டுமே. அழைப்பு அறையைத்தான் அப்படிச் சொல்கிறோம். தமிழ்ச் செவிக்கு அது கால்களுக்கான அறை போல ஒலிக்கிறது. உண்மையில் கால்களைப் பற்றி எவரும் நினைக்காத அறை அது.

வசதி படைத்த நாடுகள் இதற்குக் கருவி செய்திருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் மிதிவண்டி விரைவோட்டக்காரர்கள் மின்கலத்தால் சூடேறும் கால்சட்டையை அணிந்து காத்திருந்தார்கள். அதன் பின்னணியிலிருந்த லஃபரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2013இல் வெளியானது. முப்பது நிமிடக் காத்திருப்பின்போது அதை அணிந்தவர்களின் உச்ச ஆற்றல், சாதாரணக் கால்சட்டை அணிந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நம் கல்லூரிகளுக்கு அத்தகைய உடையை நான் கேட்கவில்லை. மின்சாரமே இல்லாமல், உடல் வெப்பத்தை வெளியே விடாத மேலாடை ஒன்றை ரக்பி வீரர்களுக்கு அணிவித்துச் செய்த சோதனையிலும் ஆற்றல் இழப்பு குறைந்தது. நம் ஊரில் அதற்கு நிகர் விடுதிக் கம்பளி. எழுந்து துள்ளவும், உட்கார்ந்து எழவும், பத்து மீட்டர் ஓடித் திரும்பவும் காசு தேவையில்லை, அனுமதிதான் தேவை.

எதிர்வாதங்களை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இந்த ஆய்வுகள் பலவற்றில் பங்கேற்றோர் தொகை சிறியது. பெரும்பாலோர் நன்கு பயின்ற ஆண்கள். ஆகவே அவற்றின் விழுக்காடுகளை அப்படியே நம் மாணவிகளுக்குப் பொருத்தக் கூடாது. திசையை மட்டும் நம்பலாம். இரண்டாவது, கதகதப்பு காயத்தைத் தடுக்கும் என்பதற்கான சான்று, அது செயல்திறனைக் காக்கும் என்பதற்கான சான்றைப் போல உறுதியானதன்று. தசைப்பிடிப்பே வராது என்று வாக்களிப்பது மிகை. மூன்றாவது, எல்லாப் போட்டிக்கும் இது பொருந்தாது. மே மாதச் சென்னையில் பத்தாயிரம் மீட்டர் ஓடப்போகிறவருக்குச் சிக்கல் நேர்மாறானது. அங்கே உடலின் உள்வெப்பம் கட்டுமீறாமல் இருப்பதே முதன்மை. அத்தகைய ஓட்டங்களுக்கு முன் பனிக்கட்டி மேலங்கி அணிவோரும் உண்டு. நான் பேசுவது விரைவோட்டம், தாண்டுதல், எறிதல் போன்ற குறுகிய, வெடிப்பான முயற்சிகளைப் பற்றி. நான்காவது, காத்திருக்கும்போது கடுமையாகப் பயிற்சி செய்தால் சோர்வு வரும் என்ற அலுவலரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் விடை உட்காருவதன்று. அளவோடு அசைவதே விடை. ஐந்தாறு நிமிட மிதமான இயக்கம் ஒரு விரைவோட்டக்காரியின் சேமிப்பைக் கரைத்துவிடாது.

‘எங்கள் காலத்தில் கம்பளியா கொடுத்தார்கள்? நாங்கள் ஓடவில்லையா?’ என்பாரும் உண்டு. ஓடினீர்கள், உங்களோடு காத்திருந்த எல்லோரும் ஒரே அளவில் குளிர்ந்தார்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இன்று நிலை வேறு. தனிப் பயிற்றுநரும் நல்ல மேலங்கியும் உள்ள மாணவர், அழைப்பு தாமதமாகும் என்ற செய்தியை அலைபேசியில் அறிந்து வெளியிலேயே உடலை அசைத்துக்கொண்டிருக்கிறார். முதன்முறை நகரத்துப் போட்டிக்கு வந்த சிற்றூர்ப் பிள்ளை, சொன்ன நேரத்திற்குச் சொன்ன இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறாள். விதிக்குக் கீழ்ப்படிந்தவளே அதிகம் குளிர்கிறாள். பல்கலைக்கழகப் போட்டிகளின் இடங்களையும் சான்றிதழ்களையும் பொறுத்தே விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்வி இடமும் வேலைவாய்ப்பும் அமைகின்றன. அவளுக்கு இது பதக்கத்தின் கேள்வி மட்டுமன்று.

எனவே என் கோரிக்கைகள் எளியவை. முதலாவது, அழைப்பு நேரத்திற்கும் தொடக்க நேரத்திற்கும் நடுவில் எந்தச் சடங்கும் கூடாது. விழாவை முதல் போட்டிக்கு முன்பே முடியுங்கள். விருந்தினர் தாமதித்தால் போட்டி காத்திருக்க வேண்டாம், விழா காத்திருக்கட்டும். இரண்டாவது, சரிபார்ப்பு அவசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அறைக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் வெற்றிடம் ஒதுக்கி, அங்கே அசைவதற்கு வெளிப்படையாக அனுமதி கொடுங்கள். மூன்றாவது, ட்ராக் சூட்டைத் தொடக்கக் கோடு வரை அணிந்திருக்க விடுங்கள். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு தடத்துக்குப் பின்னாலும் ஒரு கூடை வைத்து, தன்னார்வலர்கள் உடைகளை எடுத்துச் செல்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். எட்டுக் கூடைகளும் எட்டு மாணவத் தன்னார்வலர்களும் எந்தக் கல்லூரிக்கும் எட்டாத செலவல்ல. நான்காவது, தாமதம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் அதை அறிவித்து, ஐந்து நிமிடமாவது மீண்டும் உடலை ஆயத்தப்படுத்த வாய்ப்புக் கொடுங்கள்.

பயிற்றுநர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. ஆயத்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதைத் துப்பாக்கி வெடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வியர்த்து நனைந்த மேலாடையை மாற்ற ஓர் உலர்ந்த சட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொடையை மூடுங்கள். சிமெண்டில் நேரடியாக அமராதீர்கள். அமர்ந்தே ஆக வேண்டுமென்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து அசையுங்கள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பேராசிரியர்கள் பலர். உங்களில் சிலர் வரும் பருவத்தில் விளையாட்டு விழா மேடையில் விருந்தினராக அமரக்கூடும். சிலர் அமைப்புக் குழுவில் இருக்கக்கூடும். மேடையிலிருந்து பார்த்தால் அழைப்பு அறை கண்ணுக்குத் தெரியாது. உரையைத் தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம், எந்தப் போட்டிக்காவது பிள்ளைகள் அழைக்கப்பட்டுக் காத்திருக்கிறார்களா என்று ஒரு முறை கேளுங்கள். ஆம் என்றால், உரையை ஓட்டத்திற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

என்னோடு வந்த மாணவி அடுத்த போட்டிக்குத் தன் விடுதிக் கம்பளியை எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அழைப்பு அறைக்குள் அதை அனுமதிப்பார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அனுமதிக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன்.